புஸ்பராணியும் மற்றப் பதினெட்டுப் பேரும்

ஸ்காபரோ, ரொறன்ரோ
9.11.1986

அன்புள்ள அத்தான்,

கடிதம் கிடைத்தது. "அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று எழுதுவதை இனி நிறுத்தும்" என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்திவிட்டேன். இனி மாதக் கணக்குச் சொல்லமாட்டேன், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குடிவரவுக் கந்தோருக்குப் போனேன். காலை எட்டு மணிக்கு இலக்கம் எடுத்து, பகல் இரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். யன்னலுக்குள் இருந்த பெண், கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்றாள். எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஆறு மாதம் என்றாள். எண்பத்தைந்து மாசியில் விண்ணப்பம் கொடுத்தபோதும் இதே ஆறு மாதத்தைத்தானே சொன்னீர்கள் என்றேன். அவள் கொஞ்சமும் வெட்கப்படாமல், "அப்படியானால் இப்போதும் ஆறு மாதம்தான்" என்றாள். என்னை அகதியென்று ஏற்றுக்கொண்டு இரண்டு வருடமாகிறது. நிரந்தரமாக இருக்கலாம் என்ற அந்த ஒரு தாள் வந்தால்தான் உங்களையும் மகள் கோணேசையும் கூப்பிடலாம். நெஞ்சு எக்ஸ்ரே படம் ஒன்பது மாதத்துக்குத்தான் செல்லுமாம், அதனால் மூன்றாம் தரமும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று இந்த நாட்டுக்கு மூன்று தரம் காட்டியாகிவிட்டது.

இன்னொரு விசயம். போன ஞாயிறு இங்கே ஒரு சேர்ச்சின் பேஸ்மென்றில் கூட்டம் வைத்தோம். என்னைப்போலக் காத்திருப்பவர்கள் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். கூட்டியவர் அமிர்தநாதர். யாழ்ப்பாணத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர், இங்கே பெட்டி அடுக்கும் வேலை. றோஸ்மேரி என்றொரு லோயரையும் கூட்டிவந்தார். ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பேசும் நிலையத்தில் இருக்கிறாவாம். "பேப்பர் தா என்று கோர்ட்டில் கேட்க முடியாது. ஆனால் ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு முடிவைச் சொல்லு என்று கந்தோருக்குக் கட்டளை போடச்சொல்லிக் கேட்கலாம்" என்றா. வழக்குப் போடுவது என்று முடிவெடுத்தோம்.

வருகிற ஐப்பசி பதினாலாம் திகதி கோணேசுக்கு இருபத்தொரு வயது. அதற்குமுன் அவளுடைய விண்ணப்பம் கொழும்பிலுள்ள தூதரகத்தில் பதிவாக வேண்டும். அந்த நாள் தாண்டினால் அவள் என் பிள்ளை என்ற கணக்கில் வரமுடியாது. அதனால்தான் எனக்கு அவசரம்.

புஸ்பம்

மட்டக்களப்பு
2.12.1986

அன்பின் புஸ்பத்துக்கு,

நானும் கோணேசும் சுகம். உம்முடைய கடிதத்தைப் படித்தபின் எனக்குச் சுகம் கொஞ்சம் குறைவு.

நீர்ப்பாசனக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். கோப்பு எப்படி நித்திரை கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். தானாக அது நித்திரை கொள்ளாது, யாரோ ஒருவன்தான் படுக்கப்போடுவான். அவனைக் கோபப்படுத்தினால் அதன்மேல் இன்னும் இரண்டு கோப்பை அடுக்கிவைப்பான். எங்கள் கந்தோர்மீது பெற்றிசன் போட்ட கமக்காரர்களின் காணிப் பிரச்சினை எத்தனை வருடம் இழுபட்டது தெரியுமா? இழுத்தவர்களில் நானும் ஒருவன், ஆனபடியால் சொல்கிறேன்.

அங்கே இருக்க இடம் கொடுத்தவர்களையே கோர்ட்டுக்கு இழுப்பதா? போன ஆவணியில் எங்கள் ஆட்கள் கப்பலில் வந்து இறங்கியதற்கு அந்த நாட்டுப் பேப்பர்கள் என்னவெல்லாம் எழுதின என்று நீர்தான் எழுதினீர். இந்த நேரத்தில் இது தேவையா? கோர்ட் என்றால் கிண்டுவார்கள். ஊரிலிருந்து கடதாசி எடுப்பிப்பார்கள். நீர் ஏற்கனவே ஒரு தரம் கோர்ட்டில் சாட்சி சொன்னதால்தான் நாங்கள் இப்படிக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கிறோம்.

பொறுமையாக இரும். கோணேசுக்கு ஏறாவூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள். கல்யாணம் முடித்தால் அவள் உம்முடைய விண்ணப்பத்தில் வரமுடியாது என்பது தெரியும். இன்னும் எத்தனை பேரைத்தான் திருப்பி அனுப்புவது?

மகேஸ்வரன்

ஸ்காபரோ
4.1.1987

அன்புள்ள அத்தான்,

பொறுமையாக இரும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதியோர் இல்லத்தில் தினமும் பதினான்கு பேருக்கு ஊட்டிவிடுகிறேன். ஒவ்வொருவரும் விழுங்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பொறுமை இல்லாத ஆளா நான்?

நாற்பத்தொரு பேரில் இப்போது மிஞ்சியிருப்பது பத்தொன்பது. ஒருவர் மனைவி வேண்டாம் என்றாள் என்கிறார். எட்வேட் என்று ஒருவர், முதல் கூட்டத்தில் மேசையில் அடித்துப் பேசியவர், இப்போது பஸ்ஸில் என்னைக் கண்டால் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். என்னோடு அறை எடுத்திருக்கும் இராஜேஸ்வரி கூடத் தன் பெயரை வெட்டிவிட்டாள். ஒரே அடுப்பில் சமைக்கிறோம், ஆனால் இதைப்பற்றி மட்டும் கதைக்கமாட்டாள்.

றோஸ்மேரிக்கு இப்போது தேவை வழக்கின் தலையில் போட ஒரு பெயர். மற்றவர்கள் அந்தப் பெயருக்குக் கீழே வருவார்கள். யாருக்குத் திகதி நெருக்குகிறதோ அவருடைய பெயர் நல்லது என்றா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அமிர்தநாதர், "கடிதம் போய்வர ஒரு மாதம், பிள்ளை. அந்தக் கந்தோரைவிட உங்கட வீட்டில முடிவு கெதியா வந்தாச் சரி" என்றார். சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சாட்சி சொன்னதைக் குத்திக்காட்டினீர்கள். ஆமிக்காரர் ஜீப்பில் கொண்டுவந்து ஆசுபத்திரி வாசலில் போட்ட அந்தப் பொடியனை, அங்கே நர்ஸாக இருந்து கழுவித் துடைத்தது நான். குண்டு முதுகில் பட்டிருந்தது. எதிர்த்துச் சுட வந்தவன் என்று எழுதியிருந்தார்கள். நீதவான் கேட்டார், கண்டதைச் சொன்னேன். அதற்காக நாட்டைவிட்டு ஓடவேண்டி வந்தது உண்மைதான். ஆனாலும் அந்தப் பொடியன், கந்தப்போடி அண்ணனின் மகன், எப்படிச் செத்தான் என்ற உண்மை ஒரு கோப்பில் எழுதப்பட்டு இருக்கிறது. வேலை முடிந்து வந்து கால் நோகிற நேரத்தில் எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

மாசி இருபதுக்குமுன் பதில் எழுதுங்கள். ஓம் என்று எழுதுங்கள்.

புஸ்பம்

மட்டக்களப்பு
30.1.1987

புஸ்பத்துக்கு,

இல்லை என்றுதான் எழுதுகிறேன்.

காரணம் கேட்கவேண்டாம். கேட்டால் எழுதமுடியாது. பத்தொன்பது பேரில் வேறு யாராவது தலையில் நிற்கட்டும். நீர் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுதத் தேவையில்லை. எங்களைக் கூப்பிட உமக்கு உண்மையிலேயே விருப்பமா என்று சிலவேளை யோசிக்கிறேன்.

மகேஸ்வரன்

ஸ்காபரோ
22.2.1987

அன்புள்ள அத்தான்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். எழுதவேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். உறையை உடைப்பதும் உடைக்காததும் உங்கள் விருப்பம்.

உங்கள் கடைசி வசனத்தை நான் மறக்கமாட்டேன். இந்த மூன்று வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பேசவில்லை. யன்னலுக்குள் இருக்கிற அந்தப் பெண் கூட.

வழக்கின் பெயர் "புஸ்பராணியும் மற்றப் பதினெட்டுப் பேரும்". றோஸ்மேரி வாசித்துக் காட்டியபோது யாரோ பெரிய ஆளின் பெயரைப்போல இருந்தது. இத்துடன் வழக்குத் தாள்களின் பிரதியும், கந்தோர் எனக்கு எழுதிய கடிதங்களின் பிரதியும் வைத்திருக்கிறேன். உங்கள் பெயரும் கோணேசின் பெயரும் அதில் இருக்கின்றன. உங்களை நான் கூப்பிடவில்லை என்று இனி யாரும் சொல்லமுடியாது.

புஸ்பம்

ஸ்காபரோ
19.4.1987

அன்புள்ள அத்தான்,

உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோணேசாவது எழுதியிருக்கலாம்.

அரசாங்கத்தின் பக்கமிருந்து பதில் வந்திருக்கிறது. தாமதத்துக்கு நான்தானாம் காரணம். வைத்திய அறிக்கையும் பொலிஸ் அறிக்கையும் கேட்டு எழுதினார்களாம், நான் அனுப்பவேயில்லையாம். மூன்று தரம் அனுப்பினேன், அத்தான். ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிய துண்டு இரண்டு இருக்கிறது. ஆனால் உறைக்குள் என்ன இருந்தது என்பதற்கு அது சாட்சி இல்லையாம். றோஸ்மேரியின் முகம் விழுந்துவிட்டது. என் பெயர் தலையில் இருப்பதால் நான் தோற்றால் மற்றப் பதினெட்டுப் பேரும் தோற்பார்கள். போன கூட்டத்தில் ஒருவர், ஒழுங்காகக் கடதாசி அனுப்பாத ஆளை ஏன் முன்னுக்கு விட்டீர்கள் என்று என் காதுபடக் கேட்டார். அமிர்தநாதர் அவரைச் சத்தம்போட்டு இருத்தினார். நான் எழுந்துபோய்க் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

ஆனி இருபத்திரண்டில் விசாரணை.

புஸ்பம்

மட்டக்களப்பு
11.5.1987

புஸ்பத்துக்கு,

நீர் மாசியில் அனுப்பிய உறையை நான் உடைக்கவில்லை. அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். சித்திரைக் கடிதம் வந்தபோது கோணேஸ்தான் இரண்டையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "அம்மா கோர்ட்டில நிக்கிறா, நீங்க அலுமாரியப் பூட்டிப்போட்டு இரிக்கிறீங்க" என்றாள். அன்று அவள் என்னோடு சாப்பிடவும் இல்லை.

கோபத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு இதைக் கவனமாகப் படியும்.

நீர் அனுப்பிய பிரதிகளில் கந்தோரின் கடிதங்கள் நான்கு. எண்பத்தைந்து பங்குனியில் வந்த முதற் கடிதத்தில் உம்முடைய கோப்பு இலக்கம் 317 என்று முடிகிறது. அடுத்த மாதம் வந்த இரண்டாம் கடிதத்தில் 371. அதற்குப் பிறகு எல்லாம் 371தான். யாரோ ஒரு கிளாக் இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறான். நீர் எல்லாக் கடிதத்திலும் அவர்கள் கடைசியாகத் தந்த இலக்கத்தைத்தான் எழுதியிருப்பீர். அப்படியானால் உம்முடைய நெஞ்சுப் படமும் பொலிஸ் அறிக்கையும் 371ஆம் கோப்பில் இருக்கின்றன. அது வேறு யாரோ ஒருவருடையது. உம்முடைய 317 வெறுமையாகக் கிடக்கிறது. அது வெறுமையாகக் கிடக்கும்வரை எவனும் அதைத் தொடமாட்டான். நானும் தொட்டிருக்கமாட்டேன்.

லோயரிடம் சொல்லி 371ஆம் கோப்பைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச்சொல்லும். மற்றப் பதினெட்டுப் பேரின் இலக்கங்களையும் கடிதம் கடிதமாக ஒப்பிட்டுப் பாரும். பிழை விடுகிறவன் ஒரு தரத்தோடு நிற்கமாட்டான்.

ஏறாவூர்க்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைசிக் கடிதத்தின் கடைசி வசனத்தை நான் எழுதியிருக்கக்கூடாது.

மகேஸ்வரன்

ஸ்காபரோ
28.6.1987

அன்புள்ள அத்தான்,

வென்றுவிட்டோம்.

உங்கள் கடிதம் விசாரணைக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது கிடைத்தது. வேலை உடுப்போடேயே றோஸ்மேரியிடம் ஓடினேன். நான்கு கடிதங்களையும் மேசையில் பரப்பிவைத்து உங்கள் எழுத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவ இரண்டு இலக்கத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தா. பிறகு, "உங்கள் கணவர் லோயரா?" என்று கேட்டா. நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக் என்றேன். மற்றவர்களின் கடிதங்களையும் நாங்கள் நாலு பேர் இருந்து ஒப்பிட்டோம். சச்சிதானந்தன் என்பவருடையதும் இன்னும் மூன்று பேருடையதும் இதேபோல மாறிக் கிடந்தன.

கோர்ட்டில் 371ஆம் கோப்பைக் கொண்டுவந்தார்கள். உள்ளே என்னுடைய நெஞ்சுப் படம் மூன்றும் இருந்தன. நீதிபதி ஒரு வயதான மனிதர், சத்தம் போடாதவர். அரசாங்க லோயரிடம் அவர் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இந்த அம்மா அனுப்பவில்லை என்று எனக்கு எழுதித் தந்தீர்கள். இவை எங்கே இருந்தன?"

"ஒரு கோப்பில், ஐயா."

"யாருடைய கோப்பில்?"

அந்த மனிதர் தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். என் பின்னால் மற்றப் பதினெட்டுப் பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

நாற்பத்தைந்து நாளுக்குள் பத்தொன்பது பேருக்கும் முடிவு சொல்லவேண்டும் என்று கட்டளை. எல்லாம் முடிய அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் அமிர்தநாதர் படியில் குந்திவிட்டார். "அரை மணித்தியால வேலை, பிள்ளை. இதுக்கே எங்கள இவ்வளவு காலம் வைச்சிருந்தவங்கள்?" என்றார். சந்தோசப்படவேண்டிய நேரத்தில் எல்லாருக்கும் கோபம்தான் வந்தது. எனக்கும்தான்.

வீட்டுக்கு வந்தால் குசினி மேசையில் இராஜேஸ்வரியின் கடிதங்கள் ஒரு கட்டு. "என்ர நம்பரையும் ஒருக்காப் பாக்கிறியளே, அக்கா?" என்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு இதைப்பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை. ஏசவேண்டும் என்று வாய்வரை வந்தது. ஏசாமல் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

உங்களுக்கு நன்றி என்று எழுத வருகுதில்லை. ஆனால் பத்தொன்பது குடும்பமும் உங்கள் பெயரைச் சொல்கிறது.

புஸ்பம்

ஸ்காபரோ
10.8.1987

அன்புள்ள அத்தான்,

நாற்பத்தைந்து நாள் கெடு முடிய ஒரு நாள் முந்தி, தாள் வந்துவிட்டது. ஒரு நாள் முந்தி, அதற்கு முதல் வராது. உங்கள் இருவருக்குமான பத்திரங்களை இன்றே கொழும்புக்கு அனுப்புகிறேன். இந்தியாவோடு ஒப்பந்தம், சமாதானம் என்று ரோட்டெல்லாம் திறந்திருப்பதாகக் கேள்வி. மூடுவதற்குமுன் கோணேசையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விடுங்கள். அங்கே எதைக் கொடுத்தாலும் திகதி போட்ட முத்திரை குத்தி வாங்குங்கள். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

புஸ்பம்

வெள்ளவத்தை, கொழும்பு
24.1.1988

அன்பின் புஸ்பத்துக்கு,

விசா கிடைத்துவிட்டது. இருவருக்கும். கோணேசின் விண்ணப்பத்தில் புரட்டாதி ஏழாம் திகதி முத்திரை இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டு அவளையும் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் இங்கே வந்தபின் ஐப்பசியில் சண்டை தொடங்கி ஊருக்குப் போகும் வழியும் அடைத்துவிட்டது. கடவுளே என்று நேரத்துக்கு வெளிக்கிட்டோம்.

விமானத்தில் ஏறமுன் உமக்கு ஒன்று சொல்லவேண்டும். படித்தபின் நாங்கள் வரலாமா என்று நீரே சொல்லும்.

நீர் போய் மூன்றாம் கிழமை ஆமிக்காரர் ஜீப்பில் வந்து என்னைக் கூட்டிப்போனார்கள். கோணேஸ் வீட்டில் தனியே. ஒரு தாளை நீட்டினார்கள். தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். என் மனைவிக்குப் புத்தி தடுமாற்றம் உண்டு, அவள் காயத்தைப் பார்க்கவேயில்லை, பிறர் சொல்லிக்கொடுத்ததைச் சாட்சியாகச் சொன்னாள் என்று எழுதியிருந்தது. மகள் வீட்டில் தனியாகத்தானே இருக்கிறாள் என்று ஒருவன் கேட்டான். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் வாசித்துப் பார்த்தேன். தாளில் திகதி பிழையாக இருந்தது. திகதி பிழை என்று சொல்லி, வெட்டித் திருத்தி, பக்கத்தில் ஒப்பமிட்டு, கீழேயும் கையெழுத்துப் போட்டேன். இருபது வருடப் பழக்கம், புஸ்பம். அந்த நேரத்திலும் கை அதைத்தான் செய்தது.

அந்தத் தாளை வைத்துத்தான் விசாரணையை மூடினார்கள். உமக்கு ஆறுதல் என்று நீர் எழுதிய அந்தக் கோப்பில், நீர் சொன்னதற்கு மேல் என்னுடைய தாள் இருக்கிறது. கந்தப்போடிக்கு இது தெரியும். சந்தையில் கண்டால் எனக்கு வணக்கம் சொல்வார். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

உம்மை அங்கே அகதி என்று ஏற்றதே அந்தச் சாட்சியத்தை நம்பித்தான். அந்த நாட்டுக் கோர்ட் இங்கிருந்து கடதாசி எடுப்பித்தால் அந்தத் தாளும் வரும், உம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். வழக்கு வேண்டாம் என்றதற்கு இதுதான் காரணம். உமக்கு எங்களைக் கூப்பிட விருப்பமில்லை என்று நான் ஒருநாளும் உண்மையாக நினைத்ததில்லை.

கோணேசுக்கு இன்னும் சொல்லவில்லை.

மகேஸ்வரன்

ஸ்காபரோ
9.2.1988

அத்தான்,

உங்கள் கடிதத்தை பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். இரண்டு பஸ் போய்விட்டது.

எனக்குக் கோபம். இல்லை என்று எழுதப்போவதில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டதற்கு அவ்வளவு இல்லை. அந்த இடத்தில், கோணேஸ் வீட்டில் தனியே இருக்க, நான் என்ன செய்திருப்பேன் என்று இந்த மூன்று நாளும் யோசித்தேன், விடை கிடைக்கவில்லை. கோபம், நாலு வருடம் என்னை ஒன்றும் தெரியாதவளாக வைத்திருந்ததற்கு. நான் ஆறுதல் என்று எழுதியதைப் படித்தபிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு.

கந்தப்போடி அண்ணனுக்கு நானே கடிதம் எழுதியிருக்கிறேன். வழி திறந்ததும் போய்ச் சேரட்டும். உங்கள் மகனின் காயம் முதுகில்தான் இருந்தது, என் கண்ணால் கண்டேன், என் புத்தி அன்றும் சரி இன்றும் சரி, எந்த நாட்டில் எந்தக் கோர்ட் கேட்டாலும் திரும்பச் சொல்வேன் என்று எழுதினேன். றோஸ்மேரியிடமும் போய் இருந்ததை இருந்தபடி சொல்லி, அதையே சத்தியக் கடதாசியாக எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் இங்கே வந்து உங்கள் பங்கை எழுதவேண்டும். திகதி சரியாகப் போட்டு. கோணேசுக்கும் நீங்கள்தான் சொல்லவேண்டும், விமானம் ஏறமுன்.

வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடமாக நான் எந்த யன்னலுக்கு முன்னால் நின்றேன் என்று நினைக்கிறீர்கள்?

இராஜேஸ்வரி வேறு வீடு பார்த்துக்கொண்டாள். ஒன்பதாம் மாடி, இரண்டு அறை. பங்குனியிலும் இங்கே பனி இருக்கும், கோணேசுக்குக் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளிக்கிடாதீர்கள். விமான நிலையத்துக்கு நானும் அமிர்தநாதரும் வருவோம். அவருக்கு முன்னால் நான் ஒன்றும் காட்டமாட்டேன், நீங்களும் காட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து, கோணேஸ் குளிக்கப் போனபிறகு, உங்களோடு நான் சண்டை பிடிக்கப்போகிறேன். நான் ஒன்று கேட்டால் பதிலுக்கு ஒரு மாதம் பார்த்திருந்து எனக்கு அலுத்துவிட்டது. நான் கேட்டவுடன், என் முகத்தைப் பார்த்து, அந்த இடத்திலேயே நீங்கள் பதில் சொல்லவேண்டும்.

விமான இலக்கத்தைத் தந்தியில் அடியுங்கள்.

புஸ்பம்